சராசரிக்குள் அடங்காத அலை

சூரியனிலிருந்து பாய்ந்துவரும் பிளாஸ்மா பூமியின் காந்தப்புலத்தை உலுக்கிக் காந்தப் புயல் எழும்போது, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் எலக்ட்ரான்கள் பெருகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1989 முதல் 2000 வரை வீசிய 276 புயல்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் புயல்களில்தான் வெளிப்பட்டையின் அதிவேக எலக்ட்ரான்கள் கூடியிருந்தன. ஐந்தில் ஒரு பங்குப் புயல்களுக்குப் பின் அவை குறைந்துபோயிருந்தன. மீதியில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. புயல் பெரிதா சிறிதா என்பதற்கும் விளைவுக்கும் தொடர்பு தென்படவில்லை. வரவும் செலவும் பெரிய தொகைகளாக ஒரே நாளில் நடக்கிற கடையில் அந்தியில் கல்லாவில் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பட்டையின் நிலையும் அதுதான். விசித்திரம் என்னவென்றால், இங்கே வரவு வைப்பதும் செலவு எழுதுவதும் பெரும்பாலும் ஒரே அலையின் வேலை.

இந்தப் பட்டைகளை 1958இல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் வைத்திருந்த கைகர் கருவி காட்டிக்கொடுத்தது. துகள்கள் அளவுக்கு மீறி வந்து மோதியதால் கருவி திணறி வாயடைத்துப்போனது. அந்த மௌனத்தின் பொருளைக் கண்டுகொண்ட அயோவா பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் வான் ஆலனின் பெயரையே பட்டைகளுக்கு வைத்தார்கள். பட்டையில் சிக்கிய எலக்ட்ரான் காந்தக் கோட்டைச் சுற்றி நொடிக்குச் சில ஆயிரம் முறை சுழல்கிறது. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஒரு நொடிக்குள் போய்வருகிறது. கூடவே கிழக்கு நோக்கி நகர்ந்து சில நிமிடங்களில் பூமியையே வலம் வந்துவிடுகிறது. யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் நெடுநாள் அப்படியே கிடக்கும். அதன் பாதை காந்தக் கோட்டை ஒட்டிச் சாய்ந்துவிட்டால் மட்டும், திரும்ப வேண்டிய இடம் காற்றுமண்டலத்துக்குள் இறங்கிவிடும். அங்கே போன எலக்ட்ரான் திரும்பாது.

சாய்ப்பது யார்? இன்று முதன்மையாகக் கைகாட்டப்படுபவை ‘கோரஸ்’ அலைகள். அவற்றின் அதிர்வெண் மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், ஒலிபெருக்கியில் இணைத்தால் விடியற்காலைப் பறவைக் கூட்டம் போலக் கீச்சிடும். பெயர் அதனால் வந்தது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால்தான் வேகம் ஏறும். அதுபோல, எதிரே ஓடிவரும் எலக்ட்ரானுக்கு அலையின் துடிப்பு தன் சுழற்சியோடு பொருந்தும்போது, ஒன்று ஆற்றல் கூடும் அல்லது பாதை சாயும். 1960களில் உருவான கோட்பாடு இதை எளிமையாகக் கணக்கிட்டது. அலைகள் சிறியவை, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. எலக்ட்ரான் இங்கும் அங்குமாகச் சிறுசிறு தள்ளுகள் வாங்கி மெல்லப் பரவுகிறது. திருவிழாக் கூட்டத்தில் நிற்பவர் போலத்தான். யாரும் இழுக்கவில்லை, ஆனாலும் ஒரு மணி நேரத்தில் வேறு தெருவில் இருப்பார்.

இந்தச் சித்திரத்தில் தேர் இல்லை என்பதுதான் குறை. ஸ்டீரியோ விண்கலங்கள் பட்டைகளைக் கடந்தபோது பதிவான சில அலைகளின் மின்புலம் மீட்டருக்கு 200 மில்லிவோல்ட்டைத் தாண்டியது. வழக்கமாகக் கருதியதைவிட இது பத்து மடங்குக்கும் மேல். அவ்வளவு வலுவான அலைகளிலும் அலையின் காந்தப்புலம் பூமியின் புலத்தில் ஏதோ ஒரு சதவீதம்தான். அவ்வளவு சிறியது எப்படிப் பெரிய வேலை செய்யும்? ஒழுங்காக, ஒரே தாளத்தில் வருவதால் செய்யும். அந்த அலை எலக்ட்ரானைத் தன் பள்ளத்தில் பிடித்து வைத்து, சுருதி ஏற ஏறக் கூடவே இழுத்துச் செல்கிறது. தேர்வடத்தைப் பற்றியவர் தேர் போகும் தூரம் போவார். வழிவிட்டு ஒதுங்கியவர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள். எலக்ட்ரான்களிலும் சில வெகுதூரம் இழுபட, பல எதிர்த்திசையில் சற்றே நகர்கின்றன. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றக்கூடும். இன்னொன்று: பிடிபட்ட எலக்ட்ரான்கள் உண்டாக்கும் மின்னோட்டமே அலையை வளர்த்து அதன் சுருதியையும் ஏற்றுகிறது. வடம் பிடித்தவர்களே தேரையும் பெரிதாக்குவது போல. காரணமும் விளைவும் இப்படிப் பின்னிக்கொள்வதைத்தான் நேரியலற்ற இயக்கம் என்கிறோம்.

பழைய கோட்பாட்டின் பக்கம் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். 2012 அக்டோபர் புயலில் எலக்ட்ரான்கள் கிடுகிடுவென ஆற்றல் பெற்றதை வான் ஆலன் விண்கலங்கள் அளந்தன; பரவல் கணக்கே அதற்கு நன்றாகப் பொருந்தியது. போதாக்குறைக்கு, பெரும்பாலான அலைத்தொகுதிகள் மிகக் குட்டையானவை. பிடிபட்ட எலக்ட்ரான் சீக்கிரமே நழுவிவிடுகிறது. நழுவி, மீண்டும் பிடிபட்டு, பலமுறை நடந்தால் கடைசியில் அதுவும் பரவல் போலத்தானே இருக்கும்? இந்த வாதம் நியாயமானது. பல நாள் கணக்கை எழுதப் பழைய முறை போதும் என்றே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 1992இல் ஏவப்பட்ட சாம்பெக்ஸ் செயற்கைக்கோள், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எலக்ட்ரான்கள் காற்றுமண்டலத்தில் குபீரென்று கொட்டுவதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தது. ஜப்பானின் அராசே விண்கலம், கோரஸ் வலுக்கும்போதெல்லாம் எலக்ட்ரான்கள் கீழே சரிவதையும், தரையிலிருந்த கேமராவில் துருவ ஒளி அதே தாளத்தில் துடித்ததையும் ஒருசேரக் காட்டியது. மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து, ‘தினமும் இவ்வளவு வருகிறது’ என்றால் கணக்குச் சரிதான். சம்பள நாள் எது என்று அது சொல்லாது.

இதெல்லாம் ஆய்வாளர்களின் நுணுக்கச் சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ1, இ2 தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்து நிலைதடுமாறின. ஊடுருவிய எலக்ட்ரான்கள் உள்ளே மின்னேற்றமாகத் தேங்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. வியாழனிலோ நிலைமை இன்னும் கடுமை. அதன் துணைக்கோளான கேனிமீடின் அருகே கோரஸ் அலைகளின் திறன் சுற்றுப்புறத்தைவிடப் பத்து லட்சம் மடங்குவரை இருப்பது கலிலியோ விண்கலத்தின் பதிவுகளில் தெரிந்தது. ‘அலைகள் சிறியவை’ என்ற முதல் அனுமானமே அங்கே ஆட்டம் காண்கிறது. 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம், அலைகளை அளக்கும் கருவிகளுடன் அந்தக் கேனிமீடை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.