பேச்சு வரலையா... குரோமோசோமையும் கொஞ்சம் கவனிங்க!

‘ஆம்பளப்புள்ள, லேட்டாதான் பேசும்’னு வீட்டுல சொல்வாங்க. ஆனால் பேச்சுத் தாமதத்தோடு பிறவி இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, ரத்தத்தில் கால்சியம் குறைவு எல்லாம் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீங்க.

22-வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் போவதுதான் ‘22க்யூ11.2 டெலிஷன்’. சுமார் 4,000 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கலாம். கற்றல் சிரமம், ஏ.டி.ஹெச்.டி, ஆட்டிசம் வரும் வாய்ப்பும் இதில் அதிகம்.

யார் மேல தப்பு? யார் மேலயும் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது புதிதாக நேர்வது.

முக்கியமான விஷயம்... சாதாரண குரோமோசோம் டெஸ்ட்டில் இது கண்ணில் படாமல் போகலாம். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றாலும், ‘மைக்ரோஅரே டெஸ்ட் தேவையா டாக்டர்?’னு கேளுங்க. போன துண்டு திரும்பாது. ஆனால், பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கலாமே!