விட்டுப்போகும் துடிப்பு

ஓய்வாக நிற்கும் குதிரையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், சில துடிப்புகளுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு விட்டுப்போவதைக் கேட்கலாம். நல்ல ஆரோக்கியமான பல குதிரைகளிலும் இது உண்டு. வேகஸ் நரம்பு இதயத்தை இழுத்துப் பிடித்து, நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்புக்குள் வைத்திருக்கிறது. மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் சில வேளை கீழறைக்குப் போய்ச் சேராது. கொஞ்ச தூரம் ஓடவிட்டால் சரியாகிவிடும்.

அறுவை மேசையில் ஓடவிட முடியாது. அங்கே முதலில் கொடுக்கும் சைலசின், டெட்டோமிடின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்ற, இதயம் இன்னும் மெதுவாகி, விட்டுப்போகும் துடிப்புகள் கூடுகின்றன. இசிஜி திரையைப் பார்ப்பவரின் கை, துடிப்பைக் கூட்டும் அட்ரோபினைத் தேடும். ஆனால் அட்ரோபின் குடலின் அசைவையும் அடக்கிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்று வாயு சேர்ந்தால் வரும் வயிற்றுவலி உயிரையே பறிக்கலாம். அதனால் தேர்ந்த மயக்க மருத்துவர் திரையைவிட ரத்த அழுத்தத்தையே நம்புகிறார். முகத் தமனியில் செருகிய நுண்குழாய் சராசரி அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்று காட்டினால் பொறுத்திருப்பார். அதற்குக் கீழே போனால், அரை டன் எடைக்கு அடியில் அமுங்கிய தசைகளுக்கு ரத்தம் எட்டாது. விழித்த பின் எழுந்து நிற்கக் கால் தாங்காது. அழுத்தம் அப்படி இறங்கும்போது, அதை உயர்த்த டோபுடமின் சொட்டுச்சொட்டாக ஏற்றப்படும். அளவு மிஞ்சினால் அதுவே துடிப்பைத் தாறுமாறாக்கும்.

இத்தனை கவனமும் தேவைதான். 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வயிற்றுவலி அறுவை நீங்கலாகவே, மயக்கம் கொடுத்த குதிரைகளில் 0.9 சதவீதம் ஏழு நாட்களுக்குள் இறந்திருந்தன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு, இதயம் நின்றதோ ரத்த ஓட்டம் சரிந்ததோதான் காரணம். துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சியால் சரிசெய்வதும் எளிதல்ல: வளர்ந்த குதிரையின் அகன்ற மார்பைத் தாண்டி வெளியிலிருந்து தரும் மின்னதிர்ச்சி இதயத்தைச் சேர்வது அரிது. மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் கோளாறுக்குக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக மருத்துவர்கள் வேறு வழி கண்டார்கள்: கழுத்துச் சிரை வழியாக மின்முனைகளை இதயத்துக்குள்ளேயே அனுப்பி, கீழறை சுருங்கும் கணத்தோடு பொருத்தி அதிர்ச்சி கொடுத்தார்கள். கணம் தவறினால் கீழறையும் நடுங்கத் தொடங்கிவிடும்.

என்னை அதிகம் பதறவைப்பது பிறந்த சில நாளே ஆன குட்டிகளின் நிலைதான். சில குட்டிகளுக்குப் பிரசவ நெருக்கத்தில் சிறுநீர்ப்பை கிழிந்து, சிறுநீர் வயிற்றுக்குள் தேங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இசிஜியில் பி அலை தட்டையாகும், டி அலை கூர்ந்து உயரும். கிழிசலைத் தைக்க அவசரப்பட்டு அந்த நிலையிலேயே மயக்கம் கொடுத்தால், இதயம் மேசையிலேயே நின்றுவிடக்கூடும். முதலில் வயிற்றில் தேங்கியதை வடிக்க வேண்டும். பொட்டாசியம் கலவாத உப்பு நீரும் குளுக்கோஸும் ஏற்ற வேண்டும். இதயத்தைக் காக்கக் கால்சியமும் தேவைப்படும். பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்வரை அறுவை மருத்துவர் காத்திருக்கத்தான் வேண்டும்.