சந்தேகம் வேறு, சான்று வேறு

சிறுவர்க்கான துப்பறியும் விளையாட்டு ஒன்று நம் இல்லங்களுக்குச் சொல்லும் செய்தி

உங்கள் வீட்டில் என்றேனும் விலையுயர்ந்த பொருள் ஒன்று காணாமற்போனதுண்டா? அந்த நேரத்தில் வீட்டிலிருந்தோரின் பார்வை முதன்முதலில் யார்மீது விழுந்தது என்பதைச் சற்றே நினைவுகூர்ந்து பாருங்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, என் ராத்தாவின் காதணி ஒன்று காணாமற்போயிற்று. அவர்களின் நிக்காஹுக்கென்று வாப்பா வாங்கி வந்த காதணி அது. அலமாரியைக் குடைந்தோம், அரிசிப் பானையைக் கவிழ்த்தோம், கிடைக்கவில்லை. பாத்திரம் துலக்க வந்து செல்லும் சிறுமியைத் தவிர அன்று வேற்றாள் எவரும் உள்ளே வரவில்லையே என்று யாரோ ஒருவர் சொன்னார். அவ்வளவுதான்! அவளை எவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. மறுநாள் அவள் வந்தபோது, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டும்படி உம்மா சொன்னார்கள். அவளும் காட்டினாள். அதன்பிறகு அவள் எங்கள் வாசற்படியை மிதிக்கவே இல்லை.

இருபது நாட்கள் சென்றன. துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றியபோது, அதன் தையல் ஓரத்தில் காதணி சிக்கியிருந்தது. உம்மா அன்றே அச்சிறுமியின் குடிசையைத் தேடிச் சென்றார்கள். அக்குடும்பம் பிழைப்புத் தேடி வேற்றூர் போய்விட்டதாக அண்டை வீட்டார் கூறினர். அந்தச் சிறுமியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, உம்மாவின் நெஞ்சில் இறுதிவரை தீராத கடனாகவே இருந்தது.

அந்தப் பழைய நிகழ்ச்சியை அண்மையில் எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு சிறுவர் விளையாட்டு என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். பெருநாள் விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் பேரப் பிள்ளைகளுக்கென்று ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் இருந்த விளையாட்டின் பெயர் 'அவுட்ஃபாக்ஸ்டு'. அமெரிக்காவின் 'கேம்ரைட்' நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. ஐந்து வயது நிரம்பிய குழந்தைகள் இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, படங்களே போதும்.

பதினாறு நரிகளும் ஒரு திருட்டும்

கதை எளிமையானது. திருமதி ப்ளம்பர்ட் என்பவர் சுட்டு வைத்திருந்த 'பை' என்னும் தின்பண்டம் களவு போய்விட்டது. ஐயத்திற்குரியோர் 16 நரிகள். ஒவ்வொரு நரிக்கும் சில அடையாளப் பொருட்கள் உண்டு. ஒன்று குடை வைத்திருக்கும்; மற்றொன்று தொப்பி அணிந்திருக்கும்; வேறொன்று கழுத்தில் துணி சுற்றியிருக்கும். உண்மைக் கள்வனின் அட்டை மட்டும், எவரும் பாராதபடி, ஒரு சிறிய கருவிக்குள் தொடக்கத்திலேயே செருகப்பட்டுவிடும். பிள்ளைகள் அனைவரும் துப்பறிவோர். அவர்களது காய்கள் தொப்பி வடிவில் அமைந்தவை.

தன் முறை வரும்போது, 'நான் தடயம் தேடப் போகிறேன்' என்றோ, 'ஐயத்திற்குரியோரைப் பார்க்கப் போகிறேன்' என்றோ குழந்தை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். பின்னர் மூன்று பகடைகளை மூன்று தடவை வரை உருட்டலாம். அவை மூன்றும் விரும்பிய குறியைக் காட்டினால் எண்ணியது நிறைவேறும். இல்லையேல் பலகையில் நிற்கும் நரி பொம்மை மூன்று கட்டம் முன்னேறி, தன் வளையை நெருங்கும். அது வளைக்குள் நுழைந்துவிட்டால் கள்வன் தப்பிவிட்டான் என்று பொருள். இவ்விளையாட்டில் ஒருவர் வென்று மற்றவர் தோற்பது கிடையாது. வென்றால் எல்லோரும் வெல்வர், தோற்றால் எல்லோரும் தோற்பர்.

தடயம் கிடைத்ததும் என்ன செய்வார்கள்? குடையின் படம் பொறித்த வில்லையைக் கருவியில் வைத்து, அதன் சிறு கதவை நகர்த்துவார்கள். பச்சைப் புள்ளி தெரிந்தால் கள்வனிடம் குடை உண்டு. தெரியாவிட்டால் குடை இல்லை. இத்தகைய தடய வில்லைகள் மொத்தம் 12.

எங்கள் ஐந்து வயதுப் பேரன் முதல் இரண்டு அட்டைகள் திறந்தவுடனேயே ஒரு நரியைச் சுட்டிக்காட்டி, "இவன்தான் திருடன்! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது!" என்று கூவினான். எட்டு வயதுப் பேத்தி அவன் கையைப் பிடித்து, "மூஞ்சியைப் பார்த்துச் சொல்லக்கூடாது தம்பி. குடை இருக்கான்னு பாரு" என்றாள். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அன்று எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவரேனும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?

விடுவிப்பதே வேலை

இவ்விளையாட்டைக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பதினாறு பேரில் திருடன் ஒருவனே. எஞ்சிய பதினைந்து பேரும் குற்றமற்றவர்கள். ஆகவே, துப்பறிவோர் செய்யும் பணியின் பெரும்பகுதி கள்வனைப் பிடிப்பது அன்று. குற்றமற்றவர்களை ஒவ்வொருவராக விடுவிப்பதேயாகும். 'கள்வனிடம் குடை இல்லை' என்று கருவி சொன்னால், குடை வைத்திருக்கும் நரிகள் அனைத்தும் அப்போதே விடுதலை பெறும். 'இல்லை' என்ற விடையும் 'ஆம்' என்ற விடையைப் போன்றே மதிப்புள்ளது என்பதைப் பிள்ளைகள் கைப்பட உணர்கிறார்கள். அவசரப்பட்டு ஒருவனைச் சுட்டினால் என்ன நேரும் என்பதையும் உணர்கிறார்கள். பழி தவறான தலையில் விழும். உண்மைக் கள்வனோ வளைக்குள் புகுந்துவிடுவான்.

போர்க்காலத்தில் பிறந்த விளையாட்டு

துப்பறியும் பலகை விளையாட்டுகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது 'க்ளூடோ'. அதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த ஆன்டனி பிராட் என்ற இசைக்கலைஞர். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலையில் பணிபுரிந்த அவர், விளக்கணைத்து வீட்டுக்குள் முடங்கியிருந்த அந்நாட்களில் இதைச் சிந்தித்தார். பலகையின் வரைபடத்தை அமைத்தவர் அவருடைய மனைவி எல்வா. 1944-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1947-இல் அது கிடைத்தது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாடுகளால் தாமதமாகி, 1949-இல்தான் லீட்ஸ் நகரின் 'வாடிங்டன்ஸ்' நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதில் சந்தேகத்திற்குரியோர் 6 பேர், ஆயுதங்கள் 6, அறைகள் 9. பெருக்கிப் பார்த்தால் 324 வாய்ப்புகள். அவற்றுள் ஒன்றே உண்மை. ஆனால் அது கொலையைப் பற்றிய விளையாட்டு. மழலைகளின் முன் பிணத்தையும் கத்தியையும் வைப்பதற்கு எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? எனவே பிற்காலத்தில் சிறுவர்களுக்கென்று வந்த பதிப்புகளில், கொலைக்குப் பதிலாகக் காணாமற்போன கேக்கும் உடைந்த பொம்மையும் இடம்பெற்றன. குற்றம் சிறிதாயிற்று, ஆராயும் முறை மட்டும் மாறவில்லை.

சட்டை சொன்ன சாட்சி

இம்முறை நமக்குப் புதியதா? இல்லை. திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதுகிறோம். அவர்கள்மீது வீண்பழி சுமத்தப்பட்டபோது உண்மையை வெளிப்படுத்தியது கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் அப்பெண் சொல்வது உண்மை. பின்புறம் கிழிந்திருந்தால் யூசுஃப் (அலை) சொல்வது உண்மை என்று, அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே அளவுகோல் வைத்தார். சட்டையோ பின்புறம் கிழிந்திருந்தது. ஆட்களின் தகுதியையோ செல்வாக்கையோ பாராமல், சான்றை மட்டும் பார்த்த நிகழ்ச்சி அது.

'துப்பறியக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் பிறர் குறைகளைத் துருவிப் பார்க்கத் தொடங்கிவிட மாட்டார்களா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 49-ஆம் அத்தியாயம் வீண் சந்தேகத்தையும் விலக்குகிறது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் விலக்குகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படியும் பணிக்கிறது. இம்மூன்றையும் பிரித்து அறியும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்கு நாம்தான் ஊட்ட வேண்டும். அண்டை வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது துருவுதல். ஒருவர்மீது பழி விழும்போது, 'இதற்குச் சான்று என்ன?' என்று கேட்பது விசாரித்தல். இரண்டும் ஒன்றல்ல.

பகடை இல்லாமலும் ஆடலாம்

பகடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணயம் வைக்காவிட்டாலும் பகடை உருட்டும் ஆட்டம் கூடாது என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. எங்கள் வீட்டில் பகடைகளைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டோம். தடயத்தைப் பார்ப்பதா, இரண்டு நரி அட்டைகளைத் திறப்பதா என்று குழந்தையே முடிவு செய்யும். ஒவ்வொரு முறையும் நரி தவறாமல் மூன்று கட்டம் முன்னேறும். இதனால் அதிர்ஷ்டத்திற்கு வேலை குறைந்து, சிந்தனைக்கு வேலை மிகுந்தது.

வெளிநாட்டுப் பெட்டி கிடைக்காதே என்று நீங்கள் ஏங்க வேண்டியதில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களே போதும். அவற்றை வெட்டி 16 அட்டைகள் தயாரித்துக்கொள்ளுங்கள். உயிருள்ளவற்றின் உருவம் வரைய விரும்பாதோர், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியின் படம் வரையலாம். பேரீச்சம்பழம் எந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது என்பதே புதிர்.

எட்டுப் பெட்டிகளுக்குச் சிவப்பும் எட்டுக்குப் பச்சையும் தீட்டுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் நான்குக்கு மூடி இருக்கட்டும், நான்கு திறந்திருக்கட்டும். அந்தந்த நான்கிலும் இரண்டுக்குக் கைப்பிடி வையுங்கள். அந்தந்த இரண்டிலும் ஒன்றில் மட்டும் பூ வரையுங்கள். இப்போது ஒன்றைப் போல் மற்றொன்று இராது. வீட்டுப் பெரியவர் ஒருவர் விடையைத் தாளில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்க, அவர் 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே சொல்ல வேண்டும்.

'மூடி உண்டா?' என்று கேட்டால் 16 பெட்டிகள் எட்டாகும். அடுத்தடுத்த கேள்விகளில் எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். நான்கே கேள்விகளில் விடை கிட்டிவிடும். ஆனால், 'இந்தப் பெட்டிதானே?' என்று ஊகத்தில் கேட்கும் குழந்தைக்கு, 'இல்லை' என்ற விடையால் ஒரே ஒரு பெட்டிதான் விலகும். ஆறு கட்டங்கள் வரைந்து, நரிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை ஒன்றை வையுங்கள். கேள்விக்கு ஒரு கட்டம், தவறான ஊகத்திற்கு இரண்டு கட்டம் என்று அது நகரட்டும். கடைசிக் கட்டத்தை அடைந்தால் ஆட்டம் முடிந்தது. அவசரத்தின் விலை என்னவென்று நீங்கள் உபதேசிக்க வேண்டியதே இல்லை, புளியங்கொட்டை உபதேசிக்கும்!

பெற்றோர் கவனத்திற்கு

கூடி ஆடும் விளையாட்டுகளில் ஒரு குறை உண்டு. மூத்த குழந்தை எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும்; இளையது வெறுமனே வேடிக்கை பார்க்கும். ஆகவே, இளைய குழந்தை பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். எந்தப் பெட்டியை விலக்கினாலும், 'ஏன் விலக்கினாய்?' என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதற்கும், 'எனக்கு இப்படித் தெரிகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாடு மெல்ல மெல்லத்தான் மனத்தில் பதியும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, விளையாட்டு முடிந்தபின் நாம் நடந்துகொள்ளும் முறை. பலகையின்மீது சான்று கேட்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக் குவளை உடைந்த மறுகணமே, 'இது சின்னவன் வேலைதான்!' என்று நாம் கத்தினால், பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? விளையாட்டை அன்று, நம்மைத்தான்.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒருநாள் ஏதேனும் ஒரு பொருள் காணாமற்போகும். அன்று வேலைக்கு வரும் பெண்ணின் முகத்தையோ, விருந்தினராக வந்த ஏழை உறவினரின் பையையோ உங்கள் கண்கள் தேடிச் செல்லுமுன், ஒரு கணம் நில்லுங்கள். தலையணை உறையின் தையல் ஓரத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பொருள் போனால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். குற்றமற்ற ஒருவர் தலைகுனிந்து நம் வாசலைக் கடந்து போய்விட்டால், மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அவர் நமக்குக் கிடைக்காமற் போகலாம்.