பூநாரைக்கு ரெண்டு கழுத்தா?

மில்லர்புரத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு நண்பர் இருக்கிறார். ஷிப்பிங் ஆபீஸில் வேலை. திங்கள் முதல் சனி வரை பில், கன்டெய்னர் நம்பர், ஹார்பர், மானேஜர் என்று தலை நிமிர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மனிதர் வேறு பிறவி! தோளில் காமிரா, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், பைக்கை முத்தையாபுரம் உப்பளம் பக்கம் திருப்பிவிடுவார். பூநாரை, கூழைக்கடா, உள்ளான் என்று எது நின்றாலும் விடமாட்டார்.

அந்த லென்ஸுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 150-600 எம்.எம். டெலிபோட்டோ. செகண்ட் ஹேண்ட். வாங்குவதற்காகத் தன் கழுத்துச் செயினை பாங்க்கில் வைத்திருக்கிறார். வீட்டில் 'கொக்கி உடைஞ்சிருச்சு, பத்த வைக்கக் குடுத்திருக்கேன்' என்று சொல்லி மூன்று மாதமாகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறார். (மதினி இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்!)

மாசி மாதத்தில் ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதப் பாரும்வே."

பார்த்தேன். பூநாரைதான். ஆனால் கழுத்து ரெண்டாகத் தெரிந்தது. கால்கள் தண்ணீரில் விட்ட நூல் மாதிரி நெளிந்திருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் மை கொட்டினாற்போல் ஒரு திட்டு.

"லென்ஸு அவுட்டுவே. தலையில கட்டிட்டான். திருநெல்வேலிலேர்ந்து ஒரு பார்ட்டி வர்ற ஞாயித்துக்கிழமை வாரான். வாங்கின வெலையில பாதிக்குக் கேக்கான். குடுத்துத் தொலைச்சிர வேண்டியதுதான்."

நான் பி.காம். லென்ஸைப் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் ட்ரயல் பாலன்ஸ் உதைத்தால் என்ன செய்வது என்று சொல்லித்தந்தார்கள். வித்தியாசத் தொகை ஒன்பதால் மிச்சமின்றி வகுபடுகிறதா? அப்படியானால் எவனோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அதாவது, தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. அதைப் படிக்காமல் லெட்ஜரைத் தூக்கி எறியக் கூடாது.

"ஒரே பறவையை அடுத்தடுத்து எடுத்த படம் இருக்கா?" என்றேன்.

இருந்தது. ஒரே மூச்சில் எடுத்த பன்னிரண்டு படம். வரிசையாக ஓட்டினோம். முதல் படத்தில் கழுத்து நெளிசல், கால் பரவாயில்லை. இரண்டாவதில் கால் நெளிசல், கழுத்து பரவாயில்லை. ஏழாவது ஏறக்குறைய சுத்தம். எட்டாவதில் மறுபடி டான்ஸ்!

இங்கேதான் விஷயம். லென்ஸுக்குள் கண்ணாடி இடம் பிசகியிருந்தால், கோளாறு எல்லாப் படத்திலும் ஒரே மூலையில், ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். படத்துக்குப் படம் இடம் மாறுகிற கோளாறு லென்ஸுக்கு வெளியே இருக்கிறது.

"எத்தனை மணிக்கு எடுத்தீர்?"

"பதினொண்ணு இருக்கும். விடிகாலையில யாருவே எந்திப்பா!"

வெயிலில் தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கினாற்போல் தெரியுமே, கானல்? அதே ஆசாமிதான் இவனும். சூடான காற்று லேசானது. ஒளி அதில் ஒரு மாதிரி வளையும், குளிர்ந்த காற்றில் வேறு மாதிரி வளையும். உப்பளத்தில் பாத்தி ஒரு சூட்டில், வரப்பு ஒரு சூட்டில், உப்புக் குவியல் ஒரு சூட்டில். எல்லாவற்றுக்கும் மேலே காற்று கொதிக்கிற ரசம் மாதிரி புரண்டுகொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. 600 எம்.எம். லென்ஸ் விடுமா? இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையைப் பெரிதாக்கும்போது, நடுவில் இருக்கும் இருநூறு மீட்டர் காற்றின் நெளிசலையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது.

ஷட்டரை நாலாயிரத்தில் ஒரு செகண்டுக்கு ஏற்றினாலும் பருப்பு வேகாது. நெளிசலை நெளிசலாகவே உறைய வைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பத்து லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கினாலும் இதே கதி.

இந்தக் காற்று பெரிய பெரிய ஆட்களையே படுத்தியிருக்கிறது. டெலஸ்கோப்பை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் காற்றின் நடுக்கத்தை அதனால் போக்க முடியாது, உயர்ந்த மலை உச்சியில் இருக்கும் அமைதியான காற்றுதான் மருந்து என்று நியூட்டன் 1704-ல் வெளிவந்த தன் ஒளியியல் நூலில் எழுதிவைத்தார். நம் கொடைக்கானலில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் 1899-ல் சூரியனை ஆராய வானாய்வுக் கூடம் அமைத்தார்களே, அங்கேகூட சூரியன் தெளிவாகத் தெரிவது காலை வேளையில்தான். வெயில் ஏறித் தரை சூடானால் சூரியன் நடுங்க ஆரம்பித்துவிடும். சூரியனே நடுங்கும்போது பூநாரை எம்மாத்திரம்?

நண்பருக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாம் சரிவே, ஆனா லென்ஸும் அவுட்டா இருந்தா?" நியாயமான கேள்வி. அன்று சாயங்காலமே வெயில் தாழ்ந்ததும் எங்கள் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில், நிழல் விழுகிற பக்கமாக, வரி விளம்பரப் பக்கம் ஒன்றை விறைப்பாக ஒட்டினோம். எட்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் காமிரா. நடுக்கம் தடுக்கும் ஸ்விட்ச் ஆஃப். கை படாமலிருக்க இரண்டு செகண்ட் டைமர். 'டூ பெட்ரூம், மாடி போர்ஷன், சைவம் மட்டும்' என்ற பொடி எழுத்து நாலு மூலையிலும் கத்தி மாதிரி விழுந்தது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு திருநெல்வேலிப் பார்ட்டிக்கு போன் போட்டு, "லென்ஸு கொடுக்கறதுக்கில்ல" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு கம்பீரம்!

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கே போனோம். நாங்கள் என்னவோ சீக்கிரம் வந்துவிட்டதாக நினைத்தால், உப்பு வாருகிறவர்கள் இருட்டிலேயே இறங்கிப் பாதி வேலையை முடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததா? அளத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தோம். முதல் வெயிலில் பூநாரையின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. எட்டு மணிக்குப் பிறகு மெல்ல மெல்ல நெளிசல் ஆரம்பம். மூட்டை கட்டிவிட்டோம்.

இன்னும் சில சில்லறைச் சங்கதிகள். ஏ.ஸி. காருக்குள் இருந்து ஜன்னலை இறக்கி எடுக்கிறீர்களா? உள்ளே குளிர், வெளியே சூடு, இரண்டும் கலக்கிற இடத்தில் சரியாக உங்கள் லென்ஸ்! ஏ.ஸி.யை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். தரையோடு படுத்து எடுத்தால் படம் ஜோராக இருக்கும், ஆனால் வெக்கையும் தரையோடுதான் படுத்திருக்கும். அந்தப் பாணி விடிகாலைக்கு மட்டும். பின்னால் இருக்கும் கிளைகளெல்லாம் இரட்டைக் கோடாகத் தெரிந்தால், லென்ஸ் முன்னால் மாட்டிய மலிவு ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பறக்கும் பறவையின் இறக்கை ரப்பர் மாதிரி வளைந்திருந்தால் அது எலெக்ட்ரானிக் ஷட்டரின் வேலை; மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளியா? சென்ஸாரில் தூசு. பயந்துகொண்டு லென்ஸை விற்காதீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கடல் காற்றில் உப்பு வந்து லென்ஸ் முகத்தில் படியும். படமெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளிறும். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ரப்பர் பல்பால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் துணியை அதற்குரிய திரவத்தில் லேசாக நனைத்துத் துடையுங்கள். வீட்டில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், பூஞ்சை அண்டாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், அரிசி மாவெல்லாம் லென்ஸுக்குள் போய்விடும்.