கால் மில்லிமீட்டர் நார்

செந்துறைப் பக்கம் ஆலத்தியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராம்கோ சிமென்ட் ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். அரியலூர் மாவட்டமே அப்படித்தான்: எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஆலை, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், சாலையோர மரங்களில் வெளுத்த தூசி. அந்தக் கல் ஒரு கடலின் மிச்சம். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில், இங்கே கடல் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தில் வெட்டிய முகப்பை நெருங்கிப் பார்த்தால் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் பதிந்து கிடக்கும். அதுதான் அரைபட்டு, சூளையில் வெந்து, மூட்டையாகி நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்தில் இன்னும் பழைய படிவுகள், சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ளவை, வெளியே தெரிகின்றன. அங்கே கிடைத்தவற்றில் சுறாப் பற்களும் உண்டு. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் செத்ததும் மட்கிப்போகிறது. பல் மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் ஒரு சுறாவுக்கு ஒரு செட் பல் என்று கணக்கில்லை. ஆயுள் முழுக்க முன்வரிசை விழும், பின்வரிசை நகர்ந்து முன்னே வரும். தாடையில் குழி வெட்டி வேர் இறக்கும் வேலையெல்லாம் சுறாவுக்குக் கிடையாது. தாடைமேல் போர்த்திய சதையில் பல் தொற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நமக்கு அந்த வசதி இல்லை. பால்பல் விழுந்து இரண்டாவது முளைத்தால் அதோடு சரி. ஆகவே நம் பல்லுக்கு எலும்பில் ஆழமான குழி இருக்கிறது, வேர் இருக்கிறது. ஆனால், சிமென்ட் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம், அந்தக் குழிக்குள் பல்லைப் பூசி ஒட்டவைக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள், ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைக் கயிறு தாங்குவதுபோல, நாம் கடிக்கும் விசையை இந்த நார்கள் இழுவிசையாக மாற்றி எலும்புக்குக் கொடுக்கின்றன. நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கின்றன. சோற்றில் ஒரு சின்ன மணல் இருந்தால் பல் பட்டவுடன் தாடை நின்றுவிடுகிறதே, அது இந்த நாரின் வேலை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 20 மைக்ரான் தடிமனைக்கூட அது உணரும். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

ஈறு நோய் என்று நாம் சொல்வது கடைசியில் இந்த நாரின் இழப்புதான்.

தொடக்கம் வெகு சாதாரணமானது. தேய்த்த பல்மேல் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் குடியேறி ஒரு பிசுபிசுப்பான படலம் கட்டுகின்றன. அதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோ என்பவர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாட்களில் சரியாகிவிட்டது. 1965-இல் வெளியான இந்தச் சிறு சோதனைக்கு முன்பு, ஈறு வீக்கத்துக்கு வைட்டமின் குறைவு முதல் வயசு வரை எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன.

துலக்காமல் விட்ட படலம் அப்படியே மென்மையாக இருப்பதில்லை. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி அதைக் கல்லாக்குகின்றன. காரை கட்டுவது என்கிறோமே, அதுதான். ஆலத்தியூர்க் கல் கால்சியம் கார்பனேட். வாய்க்குள் விளையும் இந்தக் கல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். உமிழ்நீர் சுரப்பிகள் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும், இது அதிகம். கண்ணாடியில் தெரிவது மஞ்சள் வெள்ளை. ஈறுக்கு அடியில் ஒளிந்திருப்பது, ரத்தத்தின் நிறம் ஏறி, கறுப்பு. உடலில் உயிரோடிருக்கும்போதே புதைபடிவமாக மாறும் பொருள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் டால்ஹைமில் ஏறத்தாழ 1000 ஆண்டுப் பழைய எலும்புக்கூடுகளின் பற்காரையைச் சுரண்டி எடுத்து, 2014-இல் அதிலிருந்து ஈறு நோய்க் கிருமியொன்றின் மரபணுத் தொகுப்பையே மீட்டார்கள். இன்றைக்கு நம் ஈறில் குடியிருக்கும் அதே இனம்.

காரை எல்லார் பல்லையும் விழச் செய்யுமா? இதற்கு விடை கிடைத்தது தமிழர்களின் வாயிலிருந்து. அதே லோவும் சகாக்களும் 1970-இல் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். நுவரெலியா மாவட்டத்தின் டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். மலையகத் தமிழரின் முன்னோர் போன மாவட்டங்களில் பழைய திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பெரம்பலூரும் அரியலூரும் அன்று அதில் அடக்கம். இந்தத் தொழிலாளர்களுக்கு டூத்பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவம் எட்டவில்லை. எட்டவில்லை என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள். நோயை அதன் போக்கில் விட்டால் எப்படிப் போகும் என்று 15 ஆண்டு பார்த்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்டது வாழ்நாளெல்லாம் பல் மருத்துவம் கிடைத்த நார்வேக்காரர்களை. ஈறு நோய் பற்றிய பாடநூல்கள் இன்றும் சாய்ந்து நிற்பது இந்த ஆய்வின்மேல்தான். படிக்கும்போது ஒரு உறுத்தலும் கூடவே வருகிறது.

1986-இல் வந்த முடிவு இது. எல்லாருக்குமே ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் சுமார் 11 விழுக்காட்டினருக்கு அது ஈறோடு நின்றுவிட்டது. எலும்போ நாரோ போகவில்லை. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாகத் தேய்ந்தது. 8 விழுக்காட்டினருக்கு வேகமாகப் போய், 45 வயதில் சராசரியாக 13 மில்லிமீட்டர் பிடிப்பு இழந்திருந்தது. பல் வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

வாயில் ஒரே மாதிரி அழுக்கு, முடிவோ மூன்று விதம். காரணம், எலும்பைக் கரைப்பது கிருமி நேரடியாக அல்ல. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலே. தொற்று நெருங்கி வந்தால் எலும்பு பின்வாங்குகிறது. அந்த எதிர்ப்பின் மூர்க்கம் ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அது கூடும். ஈறு அழற்சி பதிலுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு வஞ்சகம்: ஈறில் ரத்தம் கசிவது குறையும். ரத்தம் வரவில்லை, ஈறு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பல் டாக்டர் இதை அளக்கும் விதம் பார்க்கச் சுவையானது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் லேசாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளந்து, "மூணு, ரெண்டு, மூணு... ஆறு" என்று உதவியாளருக்குச் சொல்லிக்கொண்டே போவார். மூன்று வரை சரி. நான்கு, ஐந்து என்றால் அங்கே பை விழுந்திருக்கிறது. பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகாது.

சிகிச்சையின் முதல் படி ஸ்கேலிங், பிறகு ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்ணே" என்ற பயம் கிராமத்தில் மட்டுமல்ல, டவுனிலும் உண்டு. ஆடுவது உண்மை. ஆனால் நார் போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு அந்தக் கல்தான் கட்டிவைத்திருந்தது. கல்லை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு இறுகியதும் பெரும்பாலும் ஓரளவு குறையும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, ஆழமான பை மிஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்வார்கள். குழி சரியான வடிவில் இருந்தால் எலும்புத்துகள் வைத்து, மேலே சவ்வு மூடி, இழந்த நாரில் கொஞ்சத்தைத் திரும்ப வளர்க்கவும் முடியும். எல்லாக் குழியிலும் முடியாது. அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். அரியலூர்க்காரர்களுக்குச் சிதம்பரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் பிடித்துப் போய்வருவது ஒரு நாள் கூலி.

காப்பாற்ற முடியாத பல்லுக்குப் பதில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ. அதன் கதை முயலில் தொடங்குகிறது. 1952-இல் ஸ்வீடனின் லுண்டில் பெர்-இங்வார் புரோனெமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பதித்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. டைட்டானியத்தின்மேல் காற்று பட்டதும் உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை எலும்பு அந்நியமாகப் பார்ப்பதில்லை. 1965-இல் பிறவியிலேயே தாடைக் குறையோடு இருந்த யோஸ்டா லார்சனுக்குக் கீழ்த்தாடையில் பொருத்தினார். 2006-இல் அவர் இறக்கும்வரை உழைத்தது. 1982-இல் டொராண்டோ மாநாட்டில் இந்த ஆய்வுகள் வைக்கப்பட்ட பிறகுதான் உலகம் நம்பியது. அந்த உலோகத்தின் தாது நம்மூர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது.

நல்ல இம்ப்ளாண்டுகள் பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு 90-க்கு மேல் நிற்கின்றன. ஆனால் ஸ்க்ரூ எலும்போடு நேராக ஒட்டுகிறது, நார் கிடையாது. அதனால் மணலை அவ்வளவு நுட்பமாக உணராது, அதிக அழுத்தத்துக்கு இம்மியும் நெகிழாது. அதைவிட முக்கியம் ஈறு. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் புதைந்து கிருமிக்கு வேலி போடுகின்றன. டைட்டானியத்தில் அவை பக்கவாட்டில் படுத்துக்கிடக்கின்றன. அங்கே தொற்று வந்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். எனவே மீதிப் பற்களின் ஈறைச் சரிசெய்யாமல், "எல்லாத்தையும் எடுத்துட்டு ஸ்க்ரூ போட்டுக்கலாம்" என்று அவசரப்படுத்தும் யோசனையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இம்ப்ளாண்ட் போட்டுக்கொள்பவர்கள் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து ஒரு சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால் அதுதான் உதவும். பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால் பிரிட்ஜ் போதும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு, கழன்று கழன்று விழும் பல்செட்டைப் பிடித்து நிறுத்த இரண்டே இம்ப்ளாண்ட் பெரிய மாற்றம் தரும், செலவும் குறைவு.

நாரை டைட்டானியத்தின்மேல் வளர்க்க முடியுமா? டானியல் பூசர், தோர்கில்ட் காரிங் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட குரங்கு ஆய்வில், தாடைக்குள் விட்டுவைத்த பழைய வேர்த்துண்டுகளை ஒட்டி இம்ப்ளாண்டைப் பதித்திருந்தார்கள். வேர்த்துண்டு தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் அதிலிருந்த செல்கள் உலோகத்தின்மேல் பரவி, அசல் பல்லில் இருப்பதுபோல நார்களை எலும்புக்கு இழுத்துக் கட்டின. வேர்த்துண்டு எட்டாத இடங்களில் வழக்கம்போல எலும்பே வந்து ஒட்டியது. அதன்பின் பல ஆய்வகங்கள் இந்த வழியில் முயன்றிருக்கின்றன. இன்று கிளினிக்கில் நமக்குப் பொருத்தும் இம்ப்ளாண்டில் மட்டும் இன்னும் அந்தக் கால் மில்லிமீட்டர் கிடையாது.