தலையில் அடிபட்டதைத் தோழியிடம் மட்டும் சொன்னால் போதாது

கனடாவின் ஒட்டாவா நகரில் பள்ளி மகளிர் ரக்பி அணிக்குத் தலைவி ரோவன் ஸ்ட்ரிங்கர். வயது 17. 2013 மே மாதம், ஒரு வாரத்துக்குள் நடந்த ஆட்டங்களில் அவருக்கு மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டது. தலைவலி விடவில்லை. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம். செல்போனில் தேடிப் படித்தார். தோழிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. மே 8 அன்று மறுபடியும் களமிறங்கினார். எதிரணியினர் மடக்கி வீழ்த்தியதில் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. அறிகுறிகளைப் படித்தும் இருந்தார், பகிர்ந்தும் இருந்தார். தடுத்து உட்காரவைக்கக்கூடிய பெரியவர் ஒருவர் காதுக்கும் அது எட்டவில்லை. பதின்வயது விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கன்கஷன் பாடம் நடத்துபவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேகமாகப் போகும் வண்டி சட்டென்று நின்றால் அதிலுள்ள குடத்து நீர் அலைமோதுவது போல, மண்டை திடீரென ஆட்டம் காணும்போது உள்ளே மூளையும் அலைக்கழிகிறது. தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை; நெஞ்சில் பலமாக மோதினாலும் கழுத்து குலுங்கி இது நேரலாம். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கெட்டிருப்பது நரம்புச் செல்கள் வேலை செய்யும் விதம். அடிபட்ட செல்கள் சமநிலைக்குத் திரும்பக் கூடுதல் சக்தி கேட்கும். அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கும். இந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக, மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும். அதற்குப் பலியாவோர் பெரும்பாலும் இளம் வயதினர். ரோவனுக்கு நேர்ந்தது அதுவே.

மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வேரூன்றியிருக்கிறது, பெற்றோரிடமும்தான். உண்மையில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. ஸ்கோரை மறப்பது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, காரணமில்லாத எரிச்சல், இப்படித்தான் அது வெளிப்படும். சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் ஜாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் இறங்கி, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பிழைத்தான். அவன் பெயரால் 2009இல் வந்த சட்டம், சந்தேகம் எழுந்தாலே வெளியேற்று, மருத்துவ எழுத்துச் சான்று இல்லாமல் திரும்ப அனுப்பாதே என்றது. ரோவனின் மரணம் குறித்த விசாரணை 2015இல் 49 பரிந்துரைகளைத் தந்தது. அதன் வழியே கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் ‘ரோவன் சட்டம்’ கொண்டுவந்தது. 26 வயதுக்குட்பட்ட வீரர், பயிற்சியாளர், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோர் எல்லோரும் ஆண்டுதோறும் கன்கஷன் கையேட்டைப் படித்து உறுதி தர வேண்டும். அந்த மாகாணத்தின் ஸ்கார்பரோவில் பிள்ளையைக் கால்பந்துக் கிளப்பில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இது பொருந்தும். இணையத்தில் ஒரு கட்டத்தை அழுத்தி முடித்துவிடாமல், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

பிள்ளைகள் மறைப்பதன் காரணம் பயம்: அணியில் இடம் போய்விடும், கோச் கோபிப்பார், தோழர்கள் கோழை என்பார்கள். “சொன்னால் உன் இடம் போகாது” என்று கோச் சீசன் தொடங்கும் முன்பே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். கூட ஆடுபவர்களுக்கும் பாடம் தேவை. தோழி தலைவலி என்று செய்தி அனுப்பினால், அவள் கோபித்தாலும் பரவாயில்லை, பெரியவரிடம் போய்ச் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது என்று அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும்.

கன்கஷன் ஏற்பட்ட பிள்ளைக்கு முதல் ஓரிரு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. இருட்டறையில் நாட்கணக்கில் படுக்கவைக்க வேண்டியதில்லை, மெல்ல நடக்கலாம். பிறகு பள்ளிப் பாடம், அதன்பின் படிப்படியாகப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதல் உள்ள ஆட்டம் மருத்துவர் சம்மதித்த பின்னரே. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.