மலிவு விலை பிரைமர்: எதை வாங்கி அடுக்குவது, எதைத் தவிர்ப்பது?

(சிந்தாதிரிப்பேட்டை பேன்சி ஸ்டோர் உறுப்பினர் ஒருவர் எழுதுவது)

வளையல், பொட்டு, ரிப்பன், பவுடர் என்று நிறைந்திருந்த நமது கண்ணாடி அலமாரியில் இப்போது 'பிரைமர்' என்ற சிறு டியூபும் இடம் கேட்கிறது. கல்லூரிப் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். இருப்பு இல்லை என்றால் செல்போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நமது உறுப்பினர்கள் நான்கு விஷயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

"பிரைமர் என்றால் சுவருக்கு அடிப்பதுதானே?" என்று பக்கத்து ஹார்டுவேர்ஸ் கடை அண்ணாச்சி கேட்டார். கேள்வியில் தவறில்லை. வேலையும் ஏறக்குறைய அதுதான். பவுண்டேஷன், பவுடர் போடும் முன் முகத்தின் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி, மேலே போடும் பூச்சு திட்டுத் திட்டாகாமல் நிற்கச் செய்வது.

நமது பேட்டைக்கு இது புதிய யோசனையும் அல்ல. 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவான ஊர் இது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறியில் ஏற்றும் முன் பாவுக்குக் கஞ்சி போட்டால் நூலின் பிசிறு அடங்கும்; நெசவும் ஒழுங்காக வரும். பிரைமர் என்பது முகத்துக்குப் போடும் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னோவின் பேத்தி

நம் பாட்டிமார் ஸ்னோ பூசி அதன் மேல் பவுடர் போட்டார்களே, அதுவும் இதே முறைதான். மும்பையில் ஈ. எஸ். பாட்டன்வாலா 1919இல் கொண்டுவந்த 'ஆப்கன் ஸ்னோ' நாடெங்கும் விற்றது. பாண்ட்ஸ் வேனிஷிங் கிரீமும் பவுடர் ஒட்டி நிற்க உதவும் அடிப்பூச்சு என்றே பெயர் வாங்கியது. ஸ்டியரிக் அமிலமும் தண்ணீரும் சேர்ந்த கிரீம் அது. பூசியதும் தண்ணீர் ஆவியாகி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மெல்லிய படலம் மட்டும் தங்கும்.

சினிமாவுக்கு இது போதவில்லை. பலத்த விளக்கொளிக்குப் பான்கேக் வந்தது. நமது மவுண்ட் ரோடு ஜெமினி ஸ்டுடியோவில் அது எவ்வளவு செலவாயிற்று என்பதை அங்கே பணியாற்றிய அசோகமித்திரன் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதன் பிறகு சிலிக்கோன் கலந்த அடிப்பூச்சுகள் வந்தன. புகைப்பட மேக்கப்பில் பழகிய அந்தச் சரக்குதான் இன்று மலிவு விலை டியூபாக நமது கடைக்கு வருகிறது.

வகை அறிந்து வாங்குக

பிராண்டு எத்தனை இருந்தாலும் பிரைமர் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பெட்டியின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும்.

1. சிலிக்கோன் வகை: பட்டியலின் தொடக்கத்தில் 'டைமெத்திகோன்' அல்லது 'சைக்ளோபென்டாசிலாக்சேன்' என்றிருக்கும். தொட்டால் வெல்வெட் போல் வழுக்கும். தோலின் மேலேயே நின்று நுண்துளைப் பள்ளங்களை நிரப்பும். வழவழப்பு வேண்டும் என்போருக்கு இதுதான். எண்ணெய் வழியும் முகத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் ஏற்றது. இரவில் நன்றாகக் கழுவிவிட்டுப் படுக்கச் சொல்ல வேண்டும்.

2. தண்ணீர் வகை: தண்ணீர், கிளிசரின், சோற்றுக்கற்றாழை முதலியன முன்னால் வரும். வறண்ட சருமத்துக்கும் நாள் முழுவதும் ஏ.சி. அறையில் இருப்போருக்கும் நல்லது. நமது ஊர் மே மாதப் புழுக்கத்தில் சிலருக்குப் பிசுபிசுக்கும்.

3. கிரீம் வகை: ஸ்னோவின் நேர் வாரிசு. வெறும் பவுடர் மட்டும் போடுவோருக்கு இதுவே போதும். விலையும் குறைவு. பள்ளத்தை நிரப்புவதில் சிலிக்கோனுக்கு ஈடாகாது.

4. மினுமினுப்பு வகை: மைக்கா கலந்தது. முகம் பளபளக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் துளையும் தழும்பும் கூடுதலாகத் தெரியும். "முகம் வழவழப்பாக வேண்டும்" என்று கேட்டவருக்கு இதைக் கொடுத்தால் மறுநாள் திரும்பி வருவார்.

லாக்மே (இந்துஸ்தான் யூனிலீவர்), மேபெலின் (லோரியல்) ஆகிய பெரிய பெயர்களும், ப்ளூ ஹெவன், ஸ்விஸ் பியூட்டி, இன்சைட், மார்ஸ் முதலிய குறைந்த விலைப் பெயர்களும் பிரைமர் தருகின்றன. ஸ்விஸ் பியூட்டி பெயரில்தான் சுவிஸ்; கம்பெனி இந்தியக் கம்பெனி. ஒரே பிராண்டில் இரண்டு மூன்று வகை இருக்கும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது பிராண்டு பெயர் மட்டும் சொல்லாமல் வகையையும் சொல்லுங்கள்.

புறங்கைச் சோதனை

புதிய சரக்கு வந்ததும் நான் செய்வது இது. ஒரு டியூபைத் திறந்து பட்டாணியில் பாதி அளவு புறங்கையில் தேய்த்து ஐந்து நிமிடம் விடுகிறேன். பிறகு நம்மிடம் அதிகம் விற்கும் பவுண்டேஷனை அதன் மேல் தடவுகிறேன். ஒன்றாகப் படிந்தால் சரி. அழுக்கு உருண்டு வருவதுபோல் திரிதிரியாக வந்தால் இரண்டும் சேரவில்லை. சிலிக்கோன் பிரைமர் மேல் தண்ணீர் வகை பவுண்டேஷன் போட்டால் இது அடிக்கடி நேரும். நாற்பது ரூபாய் வித்தியாசத்தைவிட இந்தப் பொருத்தம் முக்கியம். "டியூப் டூப்ளிகேட்" என்று வரும் புகார்களில் பாதி இந்தப் பொருத்தக் கோளாறுதான் என்பது என் அனுபவம்.

விலையை ஒப்பிடும்போது டியூபின் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கிராம் விலையைப் பாருங்கள். 15 கிராம் 180 ரூபாய் என்றால் கிராம் 12 ரூபாய். 30 கிராம் 300 ரூபாய் என்றால் கிராம் 10 ரூபாய். ஆனால் முதல் முறை வாங்குபவருக்குச் சிறிய டியூபே நல்லது. பிடிக்காவிட்டால் அவருக்கு நஷ்டம் குறைவு. நம்மேல் வருத்தமும் குறைவு.

வரி விஷயத்திலும் கவனம் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் டால்கம் பவுடருக்கும் முகப் பவுடருக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பிரைமருக்கு 18 சதவீதமே நீடிக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கிறதே என்று ஒரே வரியில் பில் போட்டுவிட வேண்டாம்.

பில் இல்லாத சரக்கு

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பையோடு கடைக்கு வந்தார். வெளிநாட்டுப் பெயர் போட்ட பிரைமர், பாதி விலை, பில் கிடையாது. முகூர்த்த சீசன். ஆசைப்பட்டு இரண்டு டஜன் எடுத்தேன். நமது தெருப் பெண் ஒன்று, நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வாங்கிப் பூசியது. மறுநாள் கன்னமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது.

அந்தப் பெண்ணின் தகப்பனார் சத்தம் போடவில்லை. டியூபை மேஜையில் வைத்து, "உங்க கடைன்னுதானே சார் வாங்கிச்சு" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. கொடுத்தவர் போன் எடுக்கவில்லை. டாக்டர் செலவைக் கொடுத்தேன். மீதிச் சரக்கைக் குப்பையில் போட்டேன். விசேஷம் ஒரு வாரம் தள்ளிப் போனது. அதை ஈடு செய்ய என்னிடம் எதுவும் இல்லை.

அழகுசாதனப் பொருள் விற்க மருந்துக்கடைபோல் தனி உரிமம் தேவையில்லை. அதனால் பொறுப்பும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, ஆய்வாளர் கேட்டால் சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று பெயர், முகவரியுடன் சொல்லியாக வேண்டும். உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமோ அவரது விநியோகஸ்தர், டீலரிடமோ வாங்கி, தக்க கவனத்துடன் இருந்தும் குறை தெரியாமல், சரியாகப் பாதுகாத்து, வந்தது வந்தபடியே விற்றவருக்கு 19ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 'வந்தது வந்தபடியே' என்பதைக் கவனியுங்கள். பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பிக்கு மாற்றி விற்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பில் இல்லாவிட்டால் யாரிடம் வாங்கினோம் என்பதையே நிரூபிக்க முடியாது.

சரக்கு எடுக்கும்போது பெட்டியில் இவற்றைப் பாருங்கள்:

- தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண்
- வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண்
- பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்
- சேர்மானப் பட்டியல், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை

பாரிமுனையில் எடுத்தாலும் சவுகார்பேட்டையில் எடுத்தாலும் இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொத்த வியாபார நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இரண்டு டஜன் எடுக்கும் சிறு கடைக்கும் தயங்காமல் பில் கொடுங்கள்.

இரண்டே கேள்வி

பிரைமர் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். "மத்தியானத்துக்குள் முகத்தில் எண்ணெய் வழியுமாம்மா, இல்லை தோல் இழுக்குமா?" "இதற்கு மேல் என்ன போடுவீர்கள், எந்த கம்பெனி?" பதிலைக் கேட்டால் எந்த டியூப் என்பது தெரிந்துவிடும். கையில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்தில் போடச் சொல்லுங்கள். விசேஷத்துக்கு முதல் நாள் புதிய சரக்கு எதையும் முயல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முகப்பரு, புண் இருப்பவரைத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். அன்றைய விற்பனை போனாலும் பரவாயில்லை.

டியூபுகளை வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள். ஜெல் பிரிந்து தண்ணீர் கக்கும். டெஸ்டர் வைத்தால் எல்லோர் விரலும் படும் டப்பா வேண்டாம். பிதுக்கும் டியூபாக இருக்கட்டும்.

செல்போன் வியாபாரத்தில் தள்ளுபடி அதிகம். அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியாது. ஆனால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து, இது உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல நம்மால் முடியும். அந்தத் தகப்பனாரின் இளைய மகளுக்குச் சென்ற தை மாதம் கல்யாணம். பிரைமர் என் கடையில்தான் வாங்கினார்கள். கேட்காமலே பில் போட்டுக் கொடுத்தேன்.